மயில் போட மாட்டேன்

மயிலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிருள்ள மயிலைச் சொல்லவில்லை. அது பாவம், என்னை ஒன்றும் செய்ததில்லை. தீபாவளிக்குத் தீபாவளி மால்களின் நடுக்கூடத்தில் வண்ண அரிசியில் ஒன்று படுத்துக் கிடக்குமே, அதைச் சொல்கிறேன். தோகையை விரித்து, கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்து, காலடியில் தாமரையும் ஓரத்தில் குத்துவிளக்குமாக இருக்கும். மக்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் அப்படிப்பட்ட மயில்களை வருஷக்கணக்காகப் போட்டுத் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி.

என் பிழைப்பு அதுவல்ல. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிளார்க்காக இருக்கிறேன். கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று சுங்கத்துறைக்குத் தட்டச்சு செய்து அனுப்புவதுதான் வேலை. தரை ஓடு, பிளாஸ்டிக் குருணை, அலுவலக நாற்காலி, மறுபடியும் தரை ஓடு. கோலமெல்லாம் தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள் மட்டும்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்தும் என் தோழியும் நானும் சேர்ந்து செய்வோம். லிட்டில் இந்தியாவில் சாயம் வாங்கி, நொய்யரிசியில் புரட்டி, எங்கள் ஃபிளாட்டின் கீழே பூப்பந்துத் திடலில் கான்வாஸ் விரித்துக் காயப்போடுவோம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் இரண்டு பேரும் அலறியடித்துக்கொண்டு ஓடுவோம். மாலுக்குள் போய்விட்டால் கவலை இல்லை. சில்லென்று இருக்கும், காற்று கிடையாது, ஈ எறும்பு கிடையாது. சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு அரிசியைக் கொட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். மயிலின் கண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போட்டுவிடுவேன்.

இந்த வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மாலிலிருந்து கூப்பிட்டார்கள். கொம்யூட்டர் ரயில் பிடித்துப் போனோம். விளம்பரப் பிரிவில் ஒரு தமிழ்ப் பையன், கழுத்தில் அட்டை, கையில் பெரிய டம்ளரில் காப்பி. நல்ல பையன்தான், உட்கார நாற்காலி இழுத்துப் போட்டான்.

"அக்கா, இந்த வருஷம் நம்ம தீம் 'ட்ரீம் பிக்'," என்றான். "சின்னப் பிள்ளைங்க மாதிரி இமேஜின் பண்ணணும், அதான் கான்செப்ட். வழக்கமா போடறத போடாதீங்க. புதுசா ஏதாச்சும் கொண்டாங்க லா."

இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ரயிலில் திரும்பி வரும்போது இறங்கவேண்டிய நிலையத்தையே தவறவிட இருந்தேன். என் தோழி இரண்டு முறை உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கை தானாக ஒரு வளைவு போட்டது. பார்த்தால் மயில் கழுத்து. தாளைக் கசக்கிப் போட்டேன். அடுத்த தாளில் தாமரை வந்தது. அதற்கடுத்ததில் விளக்கு. எனக்கு என் கையையே அறையவேண்டும் போலிருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி யோசி என்றால் யோசித்துவிட முடியுமா? நான் எப்போது கடைசியாகச் சின்னப் பிள்ளையாக இருந்தேன் என்பதே எனக்கு நினைவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டேன்.

விஷயம் கிடைத்தது அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். ஒரு கண்டெய்னருக்கு விவரம் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் பொருள் என்ற இடத்தில் 'டயர்' என்று அடித்தேன். எத்தனையோ முறை அடித்த சொல்தான். அன்றைக்கு மட்டும் விரல் நின்றுவிட்டது.

என் அப்பா லோரி டிரைவர். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஷா ஆலாம், செந்தூல், அம்பாங் என்று எல்லாத் திசைக்கும் ஓட்டுவார். பள்ளி விடுமுறையில் என்னைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொள்வார். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் என் மடியில் சூடாக இருக்கும். துறைமுகக் கேட்டைத் தாண்டியதும் நான் கேட்பேன்: "உள்ள என்னப்பா?"

"மழை," என்பார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "ஷா ஆலாம்ல ஒரு ஃபேக்டரிக்காரன் ஆர்டர் பண்ணியிருக்கான். அவன் பூச்செடியெல்லாம் வாடுதாம்."

பிறகு என் முறை. நான் ஒட்டகச்சிவிங்கி என்பேன், கழுத்தை மடக்கிப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்பேன். அதெல்லாம் எப்படி முடியும் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. "அப்படின்னா பிரேக்க மெதுவா போடணும், கழுத்து சுளுக்கிக்கும்," என்று உண்மையிலேயே மெதுவாகப் போடுவார். டோல் சாவடியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டி, "பொறுத்துக்கோ, கிட்ட வந்துட்டோம்," என்று அதனிடம் சொல்வார். ஒருமுறை கல்யாண மேளச் சத்தத்தை மட்டும் ஏற்றிப் போனோம். கதவைத் திறந்தால் சத்தம் கொட்டிவிடும் என்று இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டே அம்பாங் போய்ச் சேர்ந்தோம்.

அந்த விளையாட்டைக் கொன்றது ஒரு தீபாவளி. எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அம்மாவின் அண்ணன், அரசாங்க உத்தியோகம், எங்கள் குடும்பத்திலேயே முதலில் கார் வாங்கியவர், கையில் முறுக்கோடு பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பெரியவனானால் என்னவாகப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் என்றான் ஒருவன். லாயர் என்றாள் ஒருத்தி. எல்லோருக்கும் தலையைத் தடவிக் கொடுத்தார். என் முறை வந்தது.

"உலகத்துல இருக்கிற எல்லா கண்டெய்னரையும் தொறந்து விடுவேன் மாமா," என்றேன். "மழை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வெளிய வந்துரும்."

வீடே சிரித்தது. மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, "நல்லா வளக்கறீங்க மாப்பிள்ள. லோரிக்காரன் வீட்ல பெறகு ராக்கெட்டா பறக்கும்?" என்றார். மறுபடியும் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் சிரித்தார். "சும்மா உளறுவா மச்சான், விடுங்க," என்றார்.

அடுத்த விடுமுறையில் லோரியில் ஏறினேன். கேட்டைத் தாண்டினோம். உள்ள என்னப்பா என்று கேட்டேன்.

"டயர்," என்றார்.

மறுநாள் கேட்டேன். டயர். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் டயர்தான். அவர் உண்மையிலேயே டயர் ஏற்றினாரா என்றுகூட எனக்குத் தெரியாது. சில நாளில் நான் கேட்பதை விட்டேன். அப்புறம் லோரியில் போவதையே விட்டேன். வளர்ந்து படித்து, கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று தட்டச்சு செய்யும் வேலைக்கே வந்து சேர்ந்தேன். மாமா அதற்கும் சிரித்தார், "பாத்தியா, சொன்ன மாதிரியே செஞ்சுட்ட," என்று. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பாமேல்தான் கோபம். என்னோடு சேர்ந்து குசுகுசுவென்று பேசியவர் அவர்தானே. ஊரே சிரிக்கட்டும், அவர் எப்படிச் சிரிக்கலாம்?

அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. வீணான தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து தள்ளினேன். துறைமுகத்தில் அடுக்கியிருப்பதுபோல் கண்டெய்னர்கள், ஒன்றின்மேல் ஒன்று, எல்லாக் கதவும் திறந்து. ஒன்றிலிருந்து மழை கொட்டுகிறது. ஒன்றிலிருந்து ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நிமிர்த்துகிறது. ஒன்றிலிருந்து மேளமும் நாயனமும் சுருள் சுருளாக வருகின்றன. ஒன்றில் ஒரு முழு பாசார், காய்கறிக்காரியோடு. வாத்து, தீவு, வானவில்லை மடித்து வைத்த பெட்டி. கை தானாக ஓடியது, எங்கேயும் மயில் வரவில்லை. கடைசி மூலையில் ஒரு கண்டெய்னருக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. அதன் கதவை மூடியே விட்டேன். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, ஓகேவா?" என்றாள். என் கண்ணில் தண்ணீர் நின்றிருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

தோழியோடு மறுபடி மாலுக்குப் போனேன். மால் பையன் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கண்டெய்னரா அக்கா? தீபாவளிக்கா?"

"தம்பிதானே பெருசா கனவு காணச் சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. பட், பப்ளிக்குக்கு புரியாது லா. ஏன் ஒட்டகச்சிவிங்கின்னு கேப்பாங்க. மேல இருக்கறவங்க என்னைத்தான் ஏசுவாங்க." சட்டென்று முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணலாம். மயிலையே போடுங்க, கொஞ்சம் பெருசா போட்டுருங்க. தீமுக்கும் சரியா வரும்."

மயிலையே. கொஞ்சம் பெருசா. எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. அவனுக்குப் பின்னால் சுவர் முழுக்க 'ட்ரீம் பிக்' என்று எழுதி, ஒரு குழந்தை வானத்தைப் பார்ப்பதுபோல் படம் ஒட்டியிருந்தார்கள். சிறுவயதில் கனவு கண்டால் உளறல் என்று வாயை அடைப்பார்கள். அடைத்து முடித்து, நாம் பழகி முடித்த பிறகு, சுவரில் எழுதி நம்மிடமே விற்க வருவார்கள். வாங்கிக்கொண்டு நிஜமாகவே ஒன்றைக் கண்டுவிட்டால், அது வேண்டாம், மயில் போடு என்பார்கள்.

"தம்பி," என்றேன், "நான் மயில் போட மாட்டேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அவன் முகம் மாறியது. என் தோழி லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஒனக்கு என்னா பைத்தியமா? காயவெச்ச அரிசி மூட்டை மூட்டையா கெடக்கு. இந்த மாலுக்கு வராட்டி அடுத்த வருஷம் ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

"கூப்பிட வேணாம்."

"மயிலு ஒன்ன என்னாடி பண்ணுச்சு?"

அதை லிஃப்டில் வைத்து எப்படிச் சொல்வது? பச்சையும் நீலமும் நீ எடுத்துக்கொள், மற்றதெல்லாம் எனக்கு என்றேன். அவள் என்னை மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் தங்கையை வைத்துக்கொண்டு மயிலைப் போட்டாள், கொஞ்சம் பெருசாக. அழகாகத்தான் வந்ததாம்.

எங்கள் கம்பெனி முதலாளி, தவுக்கே என்போம், வருஷாவருஷம் தீபாவளியை ஒட்டி டிரைவர்களுக்குக் கிடங்கில் ஒரு விருந்து வைப்பார். பழைய டிரைவர்களும் வருவார்கள். என் அப்பா ஓய்வு பெறுமுன் கடைசியாக அங்கேதான் ஓட்டினார், எனக்கு வேலை கிடைத்ததும் அந்த வழியில்தான். தவுக்கேயிடம் போய் விருந்துக்குக் கிடங்குத் தரையில் கோலம் போடலாமா என்று கேட்டேன். கால்குலேட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் "போலே லா", போடலாம் என்றார். எவ்வளவு பெரிது என்று கேட்டார். பாதித் தரை என்றேன். இப்போது நிமிர்ந்தார். "ஃபோர்க்லிஃப்ட் வண்டி போக வழி விடு," என்று மலாயில் சொல்லிவிட்டுக் கணக்குக்குத் திரும்பினார். அவர் என்னை ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

விருந்துக்கு முந்தைய நாள் காலையிலேயே தொடங்கினேன். ஒட்டகச்சிவிங்கிக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் என் தோழி நின்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"கழுத்து கோணலா இருக்கு," என்றாள்.

"ஒட்டகச்சிவிங்கிக்கு அப்படித்தான் இருக்கும்."

"நீ எத்தன ஒட்டகச்சிவிங்கியப் பாத்திருக்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே மஞ்சள் வாளியைத் தூக்கிக்கொண்டாள். நாள் முழுவதும் திட்டிக்கொண்டேதான் போட்டாள். ஆனால் மழைக்கு நாலு விதச் சாம்பல் நிறத்தை அரிசியில் கலந்தவள் அவள்தான். சாயங்காலம் எழுந்து நின்று பார்த்தேன். கிடங்கின் ஒரு பாதி திறந்து கிடந்தது. இவ்வளவும் எங்கே இருந்தது, இத்தனை நாள்?

மறுநாள் காலை வந்து பார்த்தால் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து இல்லை.

புறா! கிடங்குக் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் குடியிருக்கும் புறாக்கள் மொத்தமும் இறங்கி வந்து விருந்து சாப்பிட்டிருந்தன. மைனாக்கள் வேறு. வருஷக்கணக்காகக் கண்ணாடிக்குள் குளிரில் கோலம் போட்டுப் போட்டு, அரிசியை வெளியே கொட்டினால் பறவை வரும் என்ற புத்திகூட எனக்கு மழுங்கியிருந்தது. வாய்விட்டுக் கத்தினேன். ஒரு டிரைவர் அண்ணன், "விடும்மா, கோலமே வாயில்லா ஜீவனுக்குத்தானே, புண்ணியம்," என்றார். "அண்ணே, புண்ணியத்த நீங்க வெச்சுக்கிட்டு எனக்கு ஒரு தொடப்பம் எடுத்துக் குடுங்க," என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் போய் எடுத்துவந்தார்.

விரட்ட ஆள் வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் கழுத்தைத் திரும்பப் போடவேண்டும். விருந்துக்கு வரவேண்டியவர்களில் சீக்கிரம் வரக்கூடியவர் என் அப்பாதான். பழைய சகா ஒருவர் அவரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சக்கர நாற்காலியில் இறக்கினார். இனிப்பு நீர் வியாதி ஒரு காலை முட்டிக்குக் கீழே வாங்கிக்கொண்டுவிட்டது. நான் கோலத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் துடைப்பத்தைக் கொடுத்து, "புறா வந்தா விரட்டுங்க," என்று ஓரத்தில் நிறுத்தினேன்.

அவரும் விரட்டினார். "ஷூ, போ, போ," என்று துடைப்பத்தைத் தரையில் தட்டினார். நான் குனிந்து மஞ்சள் அரிசியைப் போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். நாற்காலியை மெல்ல உருட்டிக்கொண்டு ஒவ்வொரு கண்டெய்னராகப் பார்த்துக்கொண்டு போனார். மழையின் முன்னால் நாற்காலியை நிறுத்தினார். மேளத்தின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தினார். பிறகு துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். மறந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வயதாகிவிட்டது, காலையில் மாத்திரை போட்டதே மத்தியானம் நினைவிருப்பதில்லை. மறந்தவரிடம் போய் என்ன சண்டை போடுவது என்றுகூடத் தோன்றியது. கோபத்தை அன்றைக்கே இறக்கிவைத்திருப்பேன்.

கடைசி மூலைக்கு வந்தார். நான் மூடியே விட்டிருந்த கண்டெய்னர். புறாக்கள் அதன் கதவைத்தான் நன்றாகத் தின்றிருந்தன. சதுரமாக வெறும் சிமெண்டுத் தரை தெரிந்தது.

"இதுல நிலால்ல இருந்துச்சு?" என்றார்.

நான் நிமிர்ந்தேன். "எந்த நிலா?"

"அமாவாசைக்கு நிலா எங்கப்பா போவுதுன்னு நீதானே கேட்ட. சர்வீசுக்குப் போவுது, நம்ம லோரியிலதான் ஏத்தியிருக்கேன்னு சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு ரெண்டு நாளு முன்னால. நீ வீடு வர்ற வரைக்கும் பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்த."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. நான் மறந்துவிட்ட ஒன்றை அவர் வைத்திருந்தார். நிலா, அமாவாசை, நான் திரும்பிப் பார்த்தது, எல்லாம் துடைத்துவைத்ததுபோல் அவரிடம் இருந்தது. அப்படியானால் மழையும் இருந்திருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியும் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து டயர் என்று சொல்லியிருக்கிறார். மறந்தவர் மேலிருந்த கோபமாவது கொஞ்சம் ஆறியிருந்தது. இது புதுக் கோபம், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது.

"ஞாபகம் இருந்துச்சா?" என்றேன். குரல் கிடங்கு முழுக்கக் கேட்டது. "எல்லாம் ஞாபகம் வெச்சுக்கிட்டா டயரு டயருன்னு சொன்னீங்க?"

என் தோழி வாளியைக் கீழே வைத்தாள். டிரைவர் அண்ணன் வாழை இலையோடு அப்படியே நின்றார்.

அப்பா துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டார். "எல்லாரும் ஒன்னப் பாத்து சிரிச்சாங்கம்மா," என்றார். "எனக்குத் தாங்கல."

"நீங்க அவங்க வாய மூடியிருக்கணும்பா. என் வாய மூடிட்டீங்க."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா ஆமாம் என்றா, தெரியவில்லை. ஒரு புறா இறங்கிவந்து மழைக்குப் பக்கத்தில் நடந்தது. யாரும் விரட்டவில்லை.

சாயம் போடாத அரிசி ஒரு பை மிச்சம் இருந்தது. அதில் ஒரு தட்டு நிறைய அள்ளிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். வைத்தேன் என்ன, இடித்தேன். "போடுங்க," என்றேன்.

அவரால் குனிய முடியாது. நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி, விரலிடுக்கு வழியாக அந்தச் சதுரத்துக்குள் மேலிருந்து கொட்டினார். அரிசி தரையில் பட்டுத் தெறித்தது. வட்டம் கோணிக்கொண்டு போனது. "சரியா போடுங்க," என்று அதட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, நாற்காலியை இப்படியும் அப்படியும் உருட்டிப் போட்டார். வட்டம் கண்டெய்னரின் கோட்டைத் தாண்டியது. ஃபோர்க்லிஃப்டுக்கு விட்ட வழிக்குள் போனது. தட்டு காலியானதும் என்னைப் பார்க்காமலே நீட்டினார்.

"பத்தலம்மா," என்றார். "நிலா பெருசு."

கோபம் தீரவில்லை. இப்போதும் தீரவில்லை. பையோடு தூக்கிக் கொடுத்தேன்.